நெல்லின் காவலைக் குலை நோய்ப் பூஞ்சை ஏமாற்றுவது எப்படி?

கேள்வி: சென்ற தாளடியில் எங்கள் நெல்லில் குலை நோய் விழுந்தது. உரக்கடையில் கைட்டோசன் என்று ஒரு திரவத்தைக் கொடுத்தார்கள். “இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. பூஞ்சையின் மேல்தோலிலும் இதே பொருள்தான் இருக்கிறது. இதைத் தெளித்தால், பூஞ்சை வந்துவிட்டது என்று பயிர் உஷாராகிவிடும்” என்றார் கடைக்காரர். அப்படியானால் பூஞ்சையே நேரில் வந்து இலைமேல் உட்காரும்போது பயிர் ஏன் உஷாராகவில்லை? வேளாண்மை படிக்கும் என் மகளோ, “பூஞ்சை நொதிகளைச் சுரந்து இலையைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. பயிரால் என்ன செய்ய முடியும்?” என்கிறாள். எது சரி?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், அதிலிருக்கும் முரணைப் பிடித்திருக்கிறீர்கள். தாவர நோயியல் படித்தவர்களையும் நெடுநாள் உறுத்திய கேள்வி இது. தெளிவான விடை 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் கிடைக்கத் தொடங்கியது. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி, உங்கள் மகள் சொன்னதிலும் பாதி சரி. மகள் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரிடமும் இருக்கும் எண்ணம் அது.

நொதி என்றாலே எதையாவது கரைப்பது, செரிப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். வயிற்றில் சோறு செரிப்பது நொதியால்தானே. ஆனால் ஓர் உயிரணுவுக்குள் நடக்கும் கட்டுமான வேலையும் நொதிகளுடையதே. வெட்டும் நொதி உண்டு, கோக்கும் நொதியும் உண்டு. குலை நோய்ப் பூஞ்சையிடம் இலையின் மெழுகையும் நாரையும் வெட்டும் நொதிகள் இருப்பது உண்மை. ஆனால் அது இலைக்குள் நுழைவது முதன்மையாக அந்த வெட்டும் நொதிகளின் பலத்தால் அல்ல.

இதை 1991-இல் ரிச்சர்ட் ஹோவர்டும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். இலைக்குப் பதிலாக மைலார் போன்ற பிளாஸ்டிக் படலங்களின்மேல் இந்தப் பூஞ்சையை முளைக்கவிட்டார்கள். அவற்றையும் அது துளைத்தது! பிளாஸ்டிக்கைக் கரைக்கும் நொதி எதுவும் அதனிடம் இல்லை. வெறும் அழுத்தத்தால் துளைத்தது. அந்த அழுத்தத்தையும் அவர்கள் கணக்கிட்டார்கள்: 8 மெகாபாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 80 மடங்கு.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பனி இறங்கிய ஓர் இரவில் உங்கள் நெல்லின் இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். மூன்று அறைகள் கொண்ட, பேரிக்காய் வடிவ வித்து ஒன்று காற்றில் வந்து விழுகிறது. ஈரம் பட்டதும் அதன் நுனியிலிருந்து ஒரு பசை கசிகிறது. இலை எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் வித்து உருண்டு விழாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முளைக்குழாய் நீள்கிறது. சற்று நேரத்தில் அதன் நுனி வளைந்து, பருத்து, ஒரு குமிழாகிறது. இதற்கு அப்ரசோரியம் என்று பெயர், இலையை அழுத்தித் துளைக்கும் உறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறமி ஒரு படலமாகப் படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது. கிளிசரால் நிறைந்த குமிழ் பனிநீரை உள்ளே இழுக்கிறது. நீர் உள்ளே வரலாம், கிளிசராலோ கருப்புப் படலத்தைத் தாண்டி வெளியேற முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் குமிழின் அடியிலிருந்து ஊசிபோல ஒரு முளை இலையின் தோலைத் துளைத்து இறங்குகிறது. அந்திக்கு விழுந்த வித்து மறுநாள் அந்திக்குள் பயிரின் உயிரணுவுக்குள் இருக்கும்.

மெலனினை உண்டாக்க முடியாத வெளிர்நிறப் பூஞ்சை வகைகள் முழு இலையைத் துளைக்க முடியாமல் தோற்றுப்போகும். இலையில் காயம் இருந்தால் மட்டும் அதன் வழியே நுழையும்.

80 மடங்கு அழுத்தத்தில் அந்தக் குமிழ் வெடிக்காமல் இருப்பதற்கு அதன் சுவர்தான் காரணம். அந்தச் சுவர் பெரும்பாலும் சர்க்கரை. நாக்கில் இனிக்கும் சர்க்கரை அல்ல. சர்க்கரை மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலிகள். அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கைட்டின்: நைட்ரஜன் சேர்ந்த ஒருவகைச் சர்க்கரையின் சங்கிலி. இறால், நண்டு, பூச்சிகளின் ஓட்டிலும் இதுவே. ஆனால் உலகம் இதை முதலில் அறிந்தது காளானிலிருந்துதான். பிரான்ஸில் ஹென்றி பிராக்கோனோ 1811-இல் காளானிலிருந்து பிரித்தெடுத்தார், பூச்சி ஓட்டில் கண்டது அதற்குப் பிறகு. மற்றொன்று குளுக்கான்: நமக்குப் பழக்கமான குளுக்கோஸின் சங்கிலி. குளுக்கோஸ்கள் எப்படிக் கோக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து குளுக்கானில் பல வகை. பீட்டா வகை, ஆல்ஃபா வகை என்ற இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இவற்றைக் கோப்பவை பூஞ்சையின் உயிரணுப் படலத்தில் பதிந்திருக்கும் நொதிகள். கைட்டினைக் கோக்கும் நொதிக்குக் கைட்டின் சிந்தேஸ் என்று பெயர். உள்ளே தயாராக இருக்கும் சர்க்கரையை ஒவ்வொன்றாக வாங்கிச் சங்கிலியின் நுனியில் சேர்க்கும், நீளும் சங்கிலியைப் படலத்தின் வழியே வெளியே தள்ளும். குலை நோய்ப் பூஞ்சையில் இந்த நொதிக்கு ஏழு மரபணுக்கள் உள்ளன. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, ஒன்று இல்லையென்றால் வித்து சரியாக உருவாகவில்லை, இன்னொன்று இல்லையென்றால் குமிழ் சரியாக உருவாகவில்லை. வேறொன்றை நீக்கியதும் நோய் உண்டாக்கும் திறனே போய்விட்டது. கோக்கும் நொதிகளை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். வெட்டும் நொதிகளைப் பற்றிப் பாடப்புத்தகம் பேசும் அளவுக்கு இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருவோம். கைட்டின் இல்லாமல் பூஞ்சைக்குச் சுவர் இல்லை. ஆனால் அந்தக் கைட்டின்தான் அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. நெல்லின் உடலில் கைட்டின் கிடையாது. எனவே கைட்டின் தட்டுப்பட்டால் வந்திருப்பது வேற்று உயிர் என்று நெல்லுக்குத் தெரியும். அதைக் கண்டுகொள்ளும் ஏற்பாடும் நெல்லிடம் இருக்கிறது. முதலில் கைட்டினேஸ் என்ற வெட்டும் நொதியை நெல் சுரக்கிறது. அது பூஞ்சையின் சுவரை நறுக்கி, ஏழெட்டுச் சர்க்கரை நீளமுள்ள துணுக்குகளை உதிர்க்கிறது. நெல்லின் உயிரணுப் படலத்தில் செபிப் என்ற புரதம் துருத்திக்கொண்டிருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் அடையாளம் கண்டது இது. உதிர்ந்த துணுக்கு இதில் வந்து பொருந்தியதும் செய்தி உள்ளே போகிறது. சில நிமிடங்களில் பூஞ்சைக்கு நஞ்சான ஆக்ஸிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன, தொடர்ந்து பூஞ்சைக்கொல்லிப் பொருள்களும் உருவாகின்றன. “பயிர் உஷாராகிறது” என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான். அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி.

பிறகு ஏன் நோய் வருகிறது? பூஞ்சை அந்தக் கைட்டினை வெளியே தெரியவிடுவதில்லை. செங்கல் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசுவதுபோல, கைட்டினுக்கும் பீட்டா குளுக்கானுக்கும் மேலே ஆல்ஃபா குளுக்கானைப் பூசிவிடுகிறது. இதைப் பூசும் நொதி ஆல்ஃபா குளுக்கான் சிந்தேஸ். ஜப்பானின் சுக்குபாவில் தகாஷி ஃபுஜிகாவா, மாரி நிஷிமுரா குழுவினர் 2009-இலும் 2012-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. அவர்கள் கண்டது இது: நெல்லுக்குள் ஊடுருவிய பூஞ்சை இழைகளில் கைட்டினைத் தேடினால் அது சரியாகத் தெரிவதில்லை. ஆல்ஃபா குளுக்கானை மட்டும் வெட்டும் நொதி ஒன்றை மேலே ஊற்றிவிட்டுத் தேடினால் கைட்டின் பளிச்சென்று தெரிகிறது. பூச்சு இருக்கும்வரை கைட்டினேஸாலும் அந்த இழையை நறுக்க முடியவில்லை.

இந்தப் பூச்சை எப்போது பூசுவது என்பதையும் பூஞ்சை இலையிடமிருந்தே தெரிந்துகொள்கிறது. நெல் இலையின்மேல் நீர் ஒட்டாமல் உருள்வதற்குக் காரணமான மெழுகு போன்ற பூச்சு இருக்கிறதல்லவா? அத்தகைய தாவரப் பூச்சுகளிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள் பட்டதும் பூஞ்சைக்குள் ஒரு சமிக்ஞை ஓடி, ஆல்ஃபா குளுக்கான் சுவரின் மேற்பரப்பில் சேரத் தொடங்குகிறது. இலையைத் தொட்டுவிட்டோம் என்று அறிந்த பிறகே மறைப்பு வேலை சூடுபிடிக்கிறது.

அடுத்துச் செய்த சோதனைதான் முடிவைச் சொன்னது. ஆல்ஃபா குளுக்கான் சிந்தேஸின் மரபணுவை நீக்கிய பூஞ்சையை வளர்த்தார்கள். கண்ணாடித் தட்டில் அது நன்றாகவே வளர்ந்தது. குமிழும் உருவாயிற்று. வாழ்வதற்கு எந்தக் குறையும் இல்லை. நெல் இலையில் வைத்தபோதோ, நெல் உடனே விழித்துக்கொண்டு அதை அடக்கிவிட்டது. உயிர் வாழத் தேவையில்லாத, நோய் உண்டாக்க மட்டும் தேவையான ஒரு சர்க்கரைப் பூச்சு!

அந்தப் பூச்சை வெட்டும் நொதி நெல்லிடம் இல்லாததுதான் அடிப்படைச் சிக்கல். அதையும் அதே குழு சோதித்தது. ஆல்ஃபா குளுக்கானை வெட்டும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை நெல்லுக்குள் செலுத்தினார்கள். அந்த நெல் குலை நோயைத் தாங்கியது. செம்புள்ளி நோய், இலையுறை கருகல் நோய்ப் பூஞ்சைகளையும் அது எதிர்த்து நின்றது, இந்த மூன்று பூஞ்சைகளும் ஒரே தந்திரத்தைக் கையாள்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று. இது ஆய்வுக்கூட நெல்தான், கடையில் கேட்டுப் பார்க்காதீர்கள்.

மனித நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் இதே ஆல்ஃபா குளுக்கானைப் பூசித்தான் நம் வெள்ளணுக்களின் கண்ணில் படாமல் தப்பிக்கிறது. பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வாழ்வது அது. நம் வெள்ளணுக்கள் தேடுவது பீட்டா குளுக்கானை, நெல் தேடுவது கைட்டினை. இரண்டையும் மறைப்பது ஒரே பொருள்.

இனி கைட்டோசன். கடைக்காரர் “இதே பொருள்” என்று சொன்ன இடத்தில்தான் சிறு பிழை. கைட்டினும் கைட்டோசனும் ஒன்றல்ல. கைட்டின் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் அசெட்டைல் என்ற ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கும். அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டால் கிடைப்பது கைட்டோசன். தொழிற்சாலையில் இறால் ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கி, கடைசியில் கடுமையான சூடான காரத்தில் வேகவைத்து இதைச் செய்கிறார்கள். பூஞ்சையோ இந்த வேலையை ஒரு பனித்துளிக்குள், சாதாரண வெப்பத்தில், ஒரு நொதியால் முடித்துவிடுகிறது. அந்த நொதிக்குக் கைட்டின் டீஅசெட்டைலேஸ் என்று பெயர், அசெட்டைலைக் கழற்றுவது என்று பொருள்.

பூஞ்சை ஏன் இதைச் செய்ய வேண்டும்? நெல்லின் செபிப் புரதம் அசெட்டைல் ஒட்டிய துணுக்கைத்தான் நன்றாகப் பற்றும், கழற்றிய துணுக்கை அவ்வளவாகப் பற்றாது. ஆகவே கைட்டினைக் கைட்டோசனாக மாற்றுவதும் ஒருவகை மறைப்பு. துரு நோய்ப் பூஞ்சைகள் இலைக்குள் நுழையும் தருணத்தில் தங்கள் சுவரை இப்படி மாற்றிக்கொள்வது தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. குலை நோய்ப் பூஞ்சைக்கு இன்னொரு பயனும் உண்டு: கைட்டோசன் அதை இலையோடு ஒட்டவைக்கிறது. இந்த வகை நொதி ஒன்றை நீக்கிய பூஞ்சை, பிளாஸ்டிக் பரப்பில் சரியாக ஒட்ட முடியாமல், குமிழ் உண்டாக்கவும் முடியாமல் தடுமாறியது. உண்மையான இலையில் வைத்தால் எப்படியோ சமாளித்துக்கொண்டது. ஆகவே கைட்டோசன் இல்லாவிட்டால் நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆல்ஃபா குளுக்கானுக்குக் கிடைத்த அளவு தெளிவான தீர்ப்பு இதற்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு மறைத்தும் சில கைட்டின் துணுக்குகள் உதிரத்தான் செய்யும். அவற்றைப் பொறுக்குவதற்கு ஸ்லிப்1 என்ற புரதத்தைப் பூஞ்சை சுரக்கிறது. செபிப் பற்றுவதற்கு முன்பே அது துணுக்குகளைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதம் சரியாக வேலை செய்ய அதன்மேலும் ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டப்பட வேண்டும், அதற்கும் தனி நொதி உண்டு. அந்த நொதியை நீக்கினால் ஸ்லிப்1 துணுக்கைப் பற்றும் திறனை இழக்கிறது, நோயும் குறைகிறது.

ஆகவே பயிர் உஷாராகாமல் இல்லை. உஷாராக வேண்டிய அடையாளம் அதற்குத் தாமதமாகவும் குறைவாகவும்தான் கிடைக்கிறது. அதற்குள் பூஞ்சை உள்ளே பரவிவிடுகிறது. கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாக நீங்கள் பார்த்த புள்ளிகள், உள்ளே எல்லாம் முடிந்து சில நாட்கள் கழித்து வெளியே தெரிபவை.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். கைட்டோசன் தெளித்தால் பயன் உண்டா? ஓரளவு உண்டு. பல தாவரங்கள் அதைக் கண்டு எதிர்ப்பைத் தூண்டிக்கொள்கின்றன, நெல்லிலும் இது பதிவாகியிருக்கிறது. பூஞ்சைகளின் படலத்தை நேராகவே அது ஓரளவு பாதிக்கவும் செய்யும். ஆனால் அது நோய் வருவதற்கு முன் செய்யும் வேலை. புள்ளி விழுந்த பிறகு தெளித்தால் பணம்தான் வீண். குலை நோய்க்குப் பெரிதும் பயன்படும் ட்ரைசைக்ளசோல் மருந்தும் இதே காரணத்தால் முன்கூட்டியே அடிக்க வேண்டியது. அது பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது, அதனால் குமிழில் அழுத்தம் ஏறாது, பூஞ்சை இலைமேலேயே நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளே போனதை அது வெளியே இழுக்காது.

உங்கள் பகுதிக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் குலை நோயின் முதல் பெரிய தாக்குதலாகப் பதிவானது 1919-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் தஞ்சை டெல்டாவில்தான். பிற்பாடு டெல்டாவில் பயிரான ஆடுதுறை 10 ரகமும் குலை நோய்க்கு எளிதில் இரையானது. அதைத் தாங்கிய கோ 4 ரகத்தோடு கோயம்புத்தூரில் கலந்து கோ 25, கோ 26 ரகங்களை உருவாக்கினார்கள். இத்தகைய எதிர்ப்பு ரகங்கள் பெரும்பாலும் கைட்டினை நம்பி இருப்பதில்லை. உள்ளே நுழைந்த பூஞ்சை செலுத்தும் புரதங்களைக் கண்டுகொண்டு, தாக்கப்பட்ட உயிரணுவையே சாகடித்துப் பூஞ்சையை அங்கேயே முடக்குகின்றன. சுவரின்மேல் எவ்வளவு பூச்சுப் பூசினாலும் இந்தக் காவலிடம் பலிக்காது. அதனால்தான் கைட்டோசன் புட்டிக்குச் செலவழிப்பதைவிட நல்ல எதிர்ப்பு ரகத்தைத் தேர்ந்தெடுப்பது மேல் என்று நினைக்கிறேன். பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்கில் நம்பியும் இருக்கக் கூடாது. எந்த ரகம் இப்போது உங்கள் பகுதியில் தாங்குகிறது என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதைப்புக்கு முன்பே கேளுங்கள்.

யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். தழைச்சத்து மிகுந்த பயிரைக் குலை நோய் விரும்பித் தாக்கும். இரவில் குளிரும் பனியும் தொடர்ந்தால், குமிழுக்குத் தேவையான ஈரம் இலையில் விடியும்வரை இருக்கிறது என்று பொருள். அந்த நாட்களில் தினமும் வயலில் இறங்கி இலையைப் பாருங்கள். இலையில் வந்ததைவிடக் கதிரின் கழுத்தில் வருவது கொடியது. மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும். ஆகவே இலையில் நோய் கண்ட வயலில், தொண்டைக்கதிர்ப் பருவத்திலேயே வேளாண் அலுவலரைக் கலந்து, கதிர் வெளிவருவதற்குள் மருந்தடித்துவிடுங்கள்.